சீறும் ஜாகுவாரும் சின்னக் காரும்

ஒரு கார் தெருவில் வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். இன்னொரு கார் வந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

முதல் கார் இங்கிலாந்து நாட்டின் "ஜாகுவார் ஈ டைப்". அது 1961-ம் ஆண்டு பிறந்தது. இரண்டாவது கார் ஜப்பான் நாட்டுக் கம்பெனியின் "டொயோட்டா யாரிஸ்". அதில் 2020-ம் ஆண்டு வெளிவந்த மாடல்.

இரண்டில் எது சிறந்த கார்?

"இது ஒரு கேள்வியா? சிங்கத்தையும் பூனையையும் ஒப்பிடலாமா?" என்று கார்ப் பிரியர்கள் சிரிப்பார்கள்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

பெற்ற குழந்தையை எந்தக் காரில் உட்காரவைப்பது?

சைடுகார் கடையில் தொடக்கம்

ஜாகுவார் கம்பெனியை வளர்த்தவர் வில்லியம் லயன்ஸ். 1922-ம் ஆண்டு, பிளாக்பூல் என்ற ஊரில், ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து சிறிய தொழில் தொடங்கினார். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் மாட்டும் சைடுகார் செய்வதுதான் அந்தத் தொழில். அப்போது அவருக்கு வயது 21.

சைடுகார் செய்தவர் பிறகு கார் செய்தார். கார் செய்தவர் பிறகு பந்தயக் கார் செய்தார். பிரான்ஸ் நாட்டில் லெமான் என்ற இடத்தில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் நடக்கும். இரவு பகல் ஓயாமல் ஓடவேண்டும். 1955, 1956, 1957 ஆகிய 3 ஆண்டுகளும் அந்தப் பந்தயத்தில் ஜாகுவார் "டி டைப்" கார்தான் வெற்றி பெற்றது.

அந்தக் காருக்கு உருவம் கொடுத்தவர் மால்கம் சேயர். அவர் முன்பு விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். காற்றைக் கிழித்துக்கொண்டு போக எந்த வளைவு ஏற்றது என்று கணக்குப் போட்டுப் பார்த்துக் காரை வரைந்தார்.

பந்தயத்தில் வென்ற காரைப் போலவே சாதாரணச் சாலையில் ஓட ஒரு கார் வேண்டும் என்று லயன்ஸ் நினைத்தார். சேயர் வரைந்தார். அப்படிப் பிறந்ததுதான் ஈ டைப்.

ஜெனீவாவில் பரபரப்பு

1961-ம் ஆண்டு மார்ச் மாதம். சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரில் கார்க் கண்காட்சி.

ஈ டைப்பைப் பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். நீண்ட மூக்கு. கண்ணாடி மூடிய விளக்குகள். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடல். "என்னை ஏற்றிப் போங்கள், என்னை ஏற்றிப் போங்கள்" என்று பெரிய மனிதர்களும் வரிசையில் நின்றார்கள். கார் போதவில்லை.

உடனே இங்கிலாந்துக்குச் செய்தி பறந்தது. ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ், இன்னொரு ஈ டைப்பை எடுத்துக்கொண்டு கவன்ட்ரி நகரிலிருந்து புறப்பட்டார். இரவு முழுவதும் ஓட்டினார். காலையில் ஜெனீவா வந்து சேர்ந்தார்!

"மணிக்கு 150 மைல் ஓடும்" என்று கம்பெனி சொன்னது. அதாவது 240 கிலோமீட்டர். விலை சுமார் 2 ஆயிரம் பவுன். அந்த வேகத்தில் ஓடக்கூடிய மற்றக் கார்களுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கொடுக்கவேண்டும்.

1974-ம் ஆண்டுவரை 72 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஈ டைப் கார்கள் செய்யப்பட்டன. நியூயார்க் நகரின் புகழ் பெற்ற நவீனக் கலைக் காட்சிச்சாலையில் ஓவியங்களோடும் சிற்பங்களோடும் ஒரு ஈ டைப் காரும் வைக்கப்பட்டிருக்கிறது. 1996-ம் ஆண்டு அது அங்கே இடம் பெற்றது. நல்ல நிலையில் உள்ள ஒரு ஈ டைப்பை இன்று வாங்கப் பெரும் தொகை கொடுக்கிறார்கள்.

அளந்து பார்த்தால்...

யாரிஸ் காருக்கு இந்தப் பெருமை எதுவும் இல்லை. கடைக்குப் போக, பள்ளிக்கூடம் போக, வேலைக்குப் போகச் செய்த கார் அது.

இரண்டையும் அளந்து பார்க்கலாம்.

ஈ டைப்பின் என்ஜின் 3.8 லிட்டர். 265 குதிரை சக்தி. யாரிஸின் என்ஜின் 1.5 லிட்டர். கூடவே ஒரு மின்சார மோட்டாரும் உண்டு. இரண்டும் சேர்ந்து 116 குதிரை சக்தி.

நின்ற இடத்திலிருந்து மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஈ டைப்புக்கு 7 விநாடி போதும். யாரிஸுக்கு 10 விநாடி ஆகும். யாரிஸ் எவ்வளவு முக்கினாலும் 175 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது.

இதுவரை ஜாகுவாருக்குத்தான் வெற்றி. இனி மறுபக்கம்.

ஈ டைப்பின் நீளம் சுமார் நாலரை மீட்டர். முதலில் வந்த கார்களில் இரண்டே பேர்தான் உட்காரலாம். யாரிஸ் அதைவிட அரை மீட்டர் குட்டை. அதில் 5 பேர் உட்காரலாம்!

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஈ டைப் ஆறேழு கிலோமீட்டர் ஓடும். யாரிஸ் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். சின்னக் காரின் காரம் பெட்ரோல் கணக்கோடு முடிந்துவிடவில்லை. அதன் உண்மையான பலம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

தந்தையின் துயரம்

1955-ம் ஆண்டு லெமான் பந்தயத்தில் ஜாகுவார் வென்றது என்று பார்த்தோமல்லவா? அந்த வெற்றியை லயன்ஸால் கொண்டாட முடியவில்லை.

அவருடைய ஒரே மகன் ஜான் லயன்ஸ், அந்தப் பந்தயத்துக்காக பிரான்ஸ் நாட்டுச் சாலையில் ஜாகுவார் கார் ஓட்டிக்கொண்டு போனார். பந்தயத்துக்கு முன்பே, வழியில் நடந்த விபத்தில் இறந்துபோனார்.

கம்பெனிக்கு வாரிசாக வரவேண்டிய மகன், பந்தய மைதானத்துக்குப் போய்ச் சேரவேயில்லை.

கார் செய்கிறவரின் வீட்டையும் சாலை விபத்து விட்டுவைக்காது. பணக்காரன், ஏழை என்று அது பார்ப்பதில்லை. நன்றாக ஓட்டுகிறவர், ஓட்டத் தெரியாதவர் என்றும் பார்ப்பதில்லை. ஒருவர் ஒழுங்காக ஓட்டினாலும் எதிரே வருகிறவர் ஒழுங்காக வரவேண்டுமே!

அந்தக் காலத்துக் கார்களில் விபத்தைத் தாங்க என்ன இருந்தது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 1961-ம் ஆண்டு வந்த ஈ டைப்பும் அப்படித்தான். உடலைப் பிடித்து நிறுத்தும் பட்டை காரோடு வரவில்லை. கழுத்து ஒடியாமல் காக்கும் தலையணை இல்லை. மோதினால் ஸ்டீயரிங் தண்டு மடங்காது. ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு நேரே நிற்கும்.

இது ஜாகுவார் கம்பெனியின் குற்றம் மட்டுமல்ல. அன்றைக்கு எல்லாக் கார்களும் ஏறக்குறைய அப்படித்தான். "கார் என்றால் வேகம், அழகு" என்பது அந்தக் காலத்து எண்ணம்.

தேங்காய் சொல்லும் பாடம்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுகிறது. உள்ளே இருப்பவருக்கு அது எப்படி இருக்கும்?

மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம்! வேகம் இரு மடங்கானால் அடி நான்கு மடங்காகும்.

அந்த அடியை யார் தாங்குவது? கார் தாங்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் உடம்பு தாங்கவேண்டும்.

"இரும்புபோல் உறுதியான கார்தான் நல்ல கார்" என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது தவறு.

மரத்திலிருந்து தேங்காய் விழுகிறது. மட்டையும் நாரும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் ஓடு உடைவதில்லை. உரித்த தேங்காயை அதே உயரத்திலிருந்து போட்டால் என்ன ஆகும்? சிதறிவிடும்.

காரும் அப்படித்தான் இருக்கவேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் மட்டைபோல் நசுங்கவேண்டும். மனிதர் உட்காரும் நடுப்பகுதி மட்டும் ஓடுபோல் உறுதியாக நிற்கவேண்டும். மெர்சிடிஸ் கம்பெனியின் என்ஜினீயர் பேலா பரேனி 1950-களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். 1959-ம் ஆண்டு அந்த முறையில் கார் வெளிவந்தது.

அதே 1959-ம் ஆண்டு சுவீடன் நாட்டில் வால்வோ கம்பெனி, மூன்று இடங்களில் மாட்டும் இருக்கைப் பட்டையைக் காரில் பொருத்தியது. தோளிலிருந்து குறுக்காக வந்து, இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை அது. கண்டுபிடித்தவர் நில்ஸ் போலின். அதற்குமுன் போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கையைச் செய்தவர்.

வால்வோ நினைத்திருந்தால் அந்தப் பட்டையைத் தானே வைத்துக்கொண்டு பணம் குவித்திருக்கலாம். ஆனால், "எந்தக் கம்பெனியும் செய்துகொள்ளட்டும்" என்று எல்லாருக்கும் திறந்துவிட்டது. இன்று உலகத்தில் எந்தக் காரில் ஏறினாலும் இருப்பது அந்தப் பட்டைதான்.

அழகுக்கு வந்த சோதனை

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? கார்களில் பொருத்தவேண்டுமே!

1965-ம் ஆண்டு அமெரிக்காவில் ரால்ப் நாடர் என்ற வழக்கறிஞர், கார்களின் அபாயங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாடே பரபரப்படைந்தது. அடுத்த ஆண்டே கார்களின் பாதுகாப்புக்கு அமெரிக்க அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது.

ஈ டைப் கார்கள் அமெரிக்காவில் ஏராளமாக விற்றுவந்தன. சட்டத்துக்கு அதுவும் பணியவேண்டியிருந்தது. விளக்குகளை மூடியிருந்த அழகான கண்ணாடி போயிற்று. முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த சுவிட்சுகள் போய், தட்டையான சுவிட்சுகள் வந்தன.

"அழகைக் கெடுத்துவிட்டார்களே!" என்று ரசிகர்கள் வருந்தினார்கள். இன்றும் அந்த முதல் கார்களுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆனால் சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும். ஆள் இருந்தால்தானே அழகை ரசிக்க முடியும்?

இங்கே ஈ டைப்புக்கு ஒரு நன்றியும் சொல்லவேண்டும். ஜாகுவார் கம்பெனி பந்தயக் கார்களில் "டிஸ்க் பிரேக்" பொருத்தி 1953-ம் ஆண்டு லெமானில் வென்றது. ஈ டைப்பின் 4 சக்கரங்களுக்கும் அந்தப் பிரேக் உண்டு. இன்று சின்னக் கார்களில்கூட அது இருக்கிறது. பந்தயக் கார், வேகத்தோடு பிரேக்கையும் உலகத்துக்குக் கொடுத்தது.

பழைய காரும் புதிய காரும் மோதின

2009-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது.

1959-ம் ஆண்டு செய்த பெரிய "செவர்லே பெல் ஏர்" கார் ஒரு பக்கம். 2009-ம் ஆண்டு செய்த "செவர்லே மாலிபு" கார் மறுபக்கம். இரண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக மோதவிட்டார்கள். ஓட்டுநர் இடத்தில் மனிதருக்குப் பதில் பொம்மைகளை வைத்திருந்தார்கள்.

"பழைய இரும்பு, பலமான இரும்பு" என்று சொல்கிறவர்கள் பெல் ஏர்தான் ஜெயிக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்தது என்ன?

பழைய காரின் நடுப்பகுதி நொறுங்கியது. ஸ்டீயரிங் பொம்மையின்மேல் வந்து இடித்தது. மனிதராயிருந்தால் பிழைத்திருக்கமாட்டார். புதிய காரின் முன்பக்கம் நசுங்கியது. நடுப்பகுதி அப்படியே நின்றது. அதில் மனிதர் இருந்திருந்தால் காலில் சிறிய காயத்தோடு தப்பியிருப்பார் என்று நிபுணர்கள் கூறினார்கள்.

யாரிஸ் இதையும் தாண்டிப் போயிருக்கிறது. மோதினால் கண் சிமிட்டுவதற்குள் காற்றுப் பைகள் விரியும். முன்னால் இருக்கும் இருவர் தலையோடு தலை முட்டிக்கொள்ளாமல் நடுவிலும் ஒரு பை உண்டு. பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் இருக்க "ஏ.பி.எஸ்." உண்டு. ஓட்டுகிறவர் கவனிக்காமல் போனால், குறுக்கே வரும் ஆளைக் கண்டு தானே பிரேக் போட முயலும் கருவியும் உண்டு.

ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்புக் கொடுக்கும் "யூரோ என்கேப்" என்ற அமைப்பு, 2020-ம் ஆண்டு தன் சோதனையைக் கடுமையாக்கியது. அந்தப் புதிய சோதனைக்கு முதலில் வந்த கார் யாரிஸ். அது 5 நட்சத்திரம் வாங்கியது. 5 நட்சத்திரம் என்பதுதான் மிக உயர்ந்த மதிப்பு.

எல்லாச் சின்னக் காரும் நல்ல கார் அல்ல

"அப்படியானால் புதிதாக வந்த சின்னக் கார் எதை வாங்கினாலும் கவலை இல்லை" என்று நினைத்துவிடக் கூடாது.

அதே "யூரோ என்கேப்" 1997-ம் ஆண்டு முதல் தடவையாகச் சோதனை முடிவுகளை வெளியிட்டபோது, இங்கிலாந்தின் "ரோவர் 100" என்ற சின்னக் காருக்குக் கிடைத்தது ஒரே நட்சத்திரம். விற்பனை சரிந்தது. அந்தக் கார் செய்வதே நின்றுபோயிற்று.

இந்தியாவிலும் இது நடந்தது. 2014-ம் ஆண்டு, "குளோபல் என்கேப்" என்ற அமைப்பு, இந்தியாவில் விற்ற 5 சின்னக் கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. காற்றுப் பை இல்லாத, விலை குறைந்த ரகங்கள் அவை.

ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்யம்! ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

அந்த ஐந்தில் ஒரு காருக்கு 2 காற்றுப் பை பொருத்தி மறுபடியும் சோதித்தார்கள். 4 நட்சத்திரம் கிடைத்தது!

அதே கார். அதே உருவம். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒன்றில் உயிர் போகும். இன்னொன்றில் உயிர் தங்கும்.

அந்தக் காற்றுப் பையைப் பொருத்தக் கம்பெனிகளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். ஐரோப்பாவில் அவை சாதாரணமாக இருந்தன. இங்கே சட்டம் கேட்கவில்லை. வாங்குகிறவரும் கேட்கவில்லை. "என்ன விலை? லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதோடு பேரம் முடிந்துவிட்டது.

பிறகு சட்டம் விழித்தது. 2017-ம் ஆண்டு முதல் புதிய மாடல் கார்களை மோதவிட்டுச் சோதிப்பது கட்டாயமாயிற்று. 2019-ம் ஆண்டு ஓட்டுநருக்குக் காற்றுப் பையும், "ஏ.பி.எஸ்." பிரேக்கும் கட்டாயமாயின. 2021-ம் ஆண்டு முதல் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் காற்றுப் பை வந்தது. 2023-ம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவுக்கென்றே "பாரத் என்கேப்" என்ற நட்சத்திரச் சோதனை தொடங்கியது.

நல்ல மாற்றம்தான். ஆனால் காலம் கடந்து வந்த மாற்றம். வால்வோ பட்டையைத் திறந்துவிட்டது 1959-ல். இங்கிலாந்திலேயே முன் இருக்கையில் பட்டை கட்டுவது சட்டமானது 1983-ல். நல்ல யோசனை பிறந்து, அது சாதாரண வீட்டுக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகள். இடையில் போன உயிர்கள் திரும்பி வருமா?

கேட்டு வாங்கவேண்டும்

ஆகவே கார் வாங்கும் குடும்பம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை நட்சத்திரம்?" என்பதுதான். நிறம் என்ன, பாட்டுக் கேட்கும் வசதி உண்டா என்பதெல்லாம் பிறகு. கையில் இருக்கும் பணத்துக்குப் பெரிய கார் ஒன்றும், நட்சத்திரம் அதிகமுள்ள சிறிய கார் ஒன்றும் கிடைக்குமானால், சிறிய காரை வாங்குவதே புத்திசாலித்தனம். பழைய கார் வாங்குகிறவரும் காற்றுப் பை உண்டா, பட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கவேண்டும்.

வாங்கிவிட்டால் மட்டும் போதாது. காற்றுப் பை, பட்டை கட்டியவருக்குத்தான் சரியாக உதவும். பின்னால் உட்காருகிறவரும் பட்டை கட்டவேண்டும். இந்தியாவிலும் அதுதான் சட்டம். பின்னால் பட்டை கட்டாதவர், விபத்தில் முன்னால் இருப்பவர்மேல் போய் மோதுவார். குழந்தையைத் தாய் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவது பாசம்போல் தோன்றும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. குழந்தைக்கென்று உள்ள இருக்கையில், பின்னால், கட்டி உட்காரவைப்பதுதான் பாசம்.

பாதுகாப்பான கார் கிடைத்துவிட்டது என்று கண்மூடித்தனமாக ஓட்டுவதும் கூடாது. காருக்குள் இருப்பவருக்குக் காற்றுப் பை உண்டு. சாலையில் நடந்து போகிறவருக்கு என்ன உண்டு?

ஜாகுவார் ஈ டைப்பைப் பார்க்கக் கிடைத்தால் பார்க்கவேண்டும். குழந்தைகளுக்கும் காட்டவேண்டும். மனிதன் கையால் செய்த அழகான பொருள்களில் அதுவும் ஒன்று. பார்த்து ரசித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்ப ஏறவேண்டியது சின்னக் காரில்தான். ஏறியதும் பட்டையைக் கட்டவேண்டும், பின் இருக்கையில் இருப்பவர்களும் சேர்த்து.